படகில் எழுந்து நிற்காதவள்

சிலிகா ஏரிக்கு டால்பின் பார்க்கப் போய், டால்பினைப் பார்க்காமல் திரும்பியவள் நான். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அப்பா செகந்திராபாத் ரயில்வே ஒர்க்ஷாப்பில் கலாசி, எடுபிடித் தொழிலாளி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கொண்டாப்பூரில் சாப்ட்வேர் கம்பெனி வேலை வாங்கிய முதல் ஆளும் நானே. வேலையில் சேர்ந்த புதிதில் மாரெட்பள்ளியிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. காபி கொடுத்தேன். அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார் பையனின் அம்மா. அவர் பக்கத்திலேயே சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. என் நடையில் குறை இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

அவர்கள் போனதும் அம்மாவிடம் சொன்னேன். இனி என்னை யாருக்கும் காட்டக் கூடாது. கட்டிக்கொள்ள நினைப்பவன் என்னிடம் நேராகப் பேசட்டும். மீறினால் ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன். அம்மா "ஹவ், ஹவ்" என்று தலையாட்டினாள்.

அந்த வருடத்து ரயில்வே பாஸில் பூரிக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள். அப்பாவுக்கு லீவு இல்லை. நாங்கள் இருவரும் போனோம். பூரியிலிருந்து சிலிகாவுக்குப் போய்ப் படகுக்குக் காத்திருந்தபோது, ரயிலில் எங்கள் பெட்டியிலேயே வந்த ஓர் அம்மாளும் அவர் மகனும் நின்றிருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. படகைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார். அம்மா உடனே சரி என்றாள்.

கரை மறைந்த பிறகு அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்: "கொண்டாப்பூர் கம்பெனில நைட் ஷிப்ட் எல்லாம் உண்டா கண்ணு?"

நான் அம்மாவின் காதில் கேட்டேன்: "யாரு இவங்க?"

"யாரோ. நம்ம மாதிரி சுத்திப் பாக்க வந்துக்கீறாங்க."

"யாரோவுக்கு என் கம்பெனி எப்படித் தெரியும்?"

"கத்தாதே. தண்ணி நடுவுல சண்டை நக்கோ டீ, வேணாம்."

வீடாக இருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன். அதற்காகத்தான் படகு.

படகுக்காரன் மோட்டாரை நிறுத்தினான். யாரும் எழுந்து நிற்கக் கூடாது என்று கிளம்பும்போதே இந்தியில் எச்சரித்திருந்தான். எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அங்க ஒண்ணு தெரியுது கண்ணு. எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து பாரு" என்றார் அந்த அம்மாள். அவர் கண் தண்ணீரில் இல்லை. என் பாதத்தில் இருந்தது.

"உட்கார்ந்தே பார்க்கறேன்."

"அட, எந்திரிச்சாத்தானே தெரியும்? என்ன பயம்?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "எழுந்துக்கோயேன்டி."

"ஆன்ட்டி" என்றேன், "முதல்ல உங்க பையனை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் நடக்கச் சொல்லுங்க. நான் பார்க்கறேன்."

மகன் முகம் சிவந்து எழுந்தான். "இதெல்லாம் வேண்டாம்னு அப்பவே சொன்னனேம்மா." சொன்னவன் வந்திருக்க வேண்டாம். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "பைட்டோ! பைட்டோ!" என்று படகுக்காரன் அலற, அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தான்.

"போதும், பார்த்தாச்சு" என்றேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் விலகி, புஸ்ஸென்று ஒரு மூச்சு கேட்டது. மூன்று பேரும் என் தலைக்கு மேலாகப் பார்த்தார்கள். "யம்மா, இன்னா பெருசு!" என்றாள் அம்மா, சண்டையை மறந்து. நான் திரும்பவில்லை. திரும்பினால் எழுந்துவிடுவேன் என்று தெரியும். மூச்சு இன்னொரு முறை கேட்டது, பிறகு இல்லை.

ஊர் திரும்பிய பின், படகில் வந்தவர்களின் பதில் ஒரு கல்யாணத் தரகர் மூலம் வந்தது. பெண்ணின் காலில் ஏதோ குறை இருக்கிறதாம். அதனால்தான் எவ்வளவு சொல்லியும் எழுந்திருக்கவில்லையாம். பேச்சு எங்கள் காலனி முழுக்கப் பரவியது. அல்வாலில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரை போனது. அம்மா அழுதாள். அல்வாலில் ஒரு கல்யாணம் வந்தது. "எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு தபா மேடை வரைக்கும் நடந்துட்டு வந்துடு, அது போதும்" என்று கெஞ்சினாள்.

கல்யாணத்துக்குப் போனேன், நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. கூட்டம் சேரும் முன்பே போய் முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைசி ஆள் பந்திக்குப் போகும்வரை எழுந்திருக்கவில்லை.