பிடிக்க இடமில்லாத நாற்பது கூடுகள்

திருமழிசைப் பட்டறையில் இரும்பைச் சீவும் மில்லிங் மெஷினை ஓட்டிய அந்த மனிதரின் பெயரை நான் கேட்டதே இல்லை. என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாயில் மாட்டுவதுபோல் அதைக் காற்றில் ஒரு முறை திருகிப் பார்ப்பார்.

எண்ணெய்க் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கு நான் வடிவமைத்த எஃகுக் கூடு, கல்யாணச் சீர் சொம்புபோல் உருண்டையாக மின்னியது. நாற்பது கூடுகள் தயார். மாலையில் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். மெஷின்காரர் ஒன்றை எடுத்துத் திருகினார். கை வழுக்கியது.

“இன்னா சார், ஸ்பேனர எங்க போட்டு இத்த டைட் பண்றது?”

ஸ்பேனர் பிடிக்க இடமே வைக்காமல் வரைந்திருந்தேன். வேலை போய், முகப்பேர் வீட்டைக் காலி செய்து, மாமனார் வீட்டில் வெங்காயம் நறுக்குவது வரை ஒரே நிமிடத்தில் வாழ்ந்து முடித்தேன்.

“கூட்டோட செவுரு கனமாத்தான கீது? ரெண்டு பக்கமும் தட்டையா சீவிட்டா ஸ்பேனர் உக்காந்துக்கும். நீ போய் டீ குடி சார். இங்க நின்னுகினு மெஷினயும் நடுங்க வெக்காத.”

மதியத்துக்குள் நாற்பதையும் சீவி முடித்தார். பார்க்க வந்த என் மேலாளர், “ஸ்பேனருக்குத் தட்டையா இடம் விட்டது நல்லா இருக்கே, யார் ஐடியா?” என்று கேட்டார்.

“சார்தான் சொன்னாரு,” என்றார் அவர், மெஷினைத் துடைத்தபடியே.

மறுக்கத் துணிவில்லாமல் தலையாட்டினேன். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றும் புரியவில்லை. நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. இருபது வருட உத்தியோகத்தில் என் பெயரில் இருக்கும் ஒரே நல்ல யோசனை அவருடையது.