நீலப் பெண்

வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன பத்மாசனி மண்வெட்டியை வரம்பில் சாய்த்துவிட்டு, வயல் நீர் வடியும் கழிவு வாய்க்கால் ஓரம் குந்தியிருக்கிறாள். பாவாடைக்கு மேல் முழுக்கைச் சட்டை. மூக்கு நீரில் முட்டும் அளவுக்குக் குனிவு. காப்பு ஏதும் விழுந்துவிட்டதோ என்று விசுவமடுவில் இப்போது யாரும் கேட்பதில்லை. "அவா தும்பி பாக்கிறா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதிப்பார்கள்.

ஊசித்தும்பி. தீக்குச்சி போன்ற உடம்பு. ஆணுக்கு வால் நுனியில் நீலப்பொட்டு, பெண் செம்மஞ்சள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கணவன் இறந்தபின் வயலைத் தனியே செய்கிறாள். நெல் வாங்க வருபவர்கள் "வீட்டில ஆம்பிளையள் இல்லையோ?" என்றால், "விளைவிச்சது நான். என்னோட கதையுங்கோ" என்பாள். சிரிக்கமாட்டாள்.

போன மாரியில் ஒருநாள், நீலப்பொட்டு வைத்த ஒன்று வாலை வளைத்து நீர்ப்புல்லின் தண்டில் குத்திக்கொண்டிருந்தது. போனில் படமெடுத்து, வவுனியாவில் உயிரியல் படிக்கும் அயல்வீட்டு யதுர்ஷிகாவுக்கு அனுப்பினாள். உடனே அழைப்பும் எடுத்தாள்.

"பிள்ளை, ஆம்பிளை முட்டை வைக்குது."

"அது பெண்தான் அன்ரி. இந்த இனத்தில பெண்ணிலயே ரெண்டு நிறம் இருக்கு. சிலது அச்சொட்டா ஆணைப்போல. அதால ஆண் தும்பியள் அதுகளுக்குப் பெரிசாக் கரைச்சல் குடுக்காதாம்."

பத்மாசனி தண்டிலிருந்த நீலப்பொட்டைத் திரும்பவும் பார்த்தாள். பிறகு, "கெட்டிக்காரி" என்றாள். தும்பியைத்தான் சொன்னாள்.

குளக்கரையில் செம்மஞ்சள் பெண்கள் அதிகம், வாய்க்காலில் நீலப் பெண்கள் அதிகம் என்பதை அவளே பார்த்துக் கண்டுபிடித்தாள். ஏன் என்று கேட்டால், "அதுதான் தெரியேல்லை" என்பாள், முகமெல்லாம் மலர.

இந்தக் கார்த்திகையில் வாய்க்காலைத் துப்புரவாக்க ஊர் கூடியது. ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் யோகலிங்கம் களைநாசினித் தாங்கியை முதுகில் கொழுவிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, மருந்தடிக்காதேங்கோ. தண்டுக்குள்ள முட்டை கிடக்கு."

"தும்பியைப் பாத்துக்கொண்டிருந்தால் வெள்ளம் வடியுமோ, பிள்ளை? முதல்ல தாழுறது உம்மட வயல்தான்."

"தெரியும். அங்காலக் கரைப் புல்லை இண்டைக்குக் கையால வெட்டுங்கோ. இங்காலக் கரைப் புல்லை முட்டை பொரிச்சாப்பிறகு நான் வெட்டுறன்."

யோகலிங்கம் அவளையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தார். தாங்கியைக் கழற்றினார்.

அந்தக் கிழமையே மழை கொட்டியது. அவர் சொன்னபடி அவளுடைய பள்ளக்காணியில் ஒரு மூலை நெல் அழுகிப்போனது. விடியவிடிய வரம்பை வெட்டி மற்றதைக் காப்பாற்றினாள். அதைப் பற்றி ஒருவரிடமும் முறையிடவில்லை. வெயில் எறித்து, குஞ்சுகள் நீருக்குள் இறங்கியிருக்கும் என்று யதுர்ஷிகா சொன்ன பிறகு, அரிவாளோடு வாய்க்காலில் இறங்கினாள்.

வேலை நடக்கிறதா என்று பார்க்க யோகலிங்கம் வந்தார். முழங்காலளவு நீரில் நின்ற பத்மாசனியின் கை அசையவில்லை. முன்னாலிருந்த தண்டில் நீலப்பொட்டு ஒன்று.

"இது ஆணோ, பெண்ணோ?" அவர் குரல் தானாகவே தாழ்ந்திருந்தது.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். வெட்டிப் போட்டிருந்த புல்லை மெதுவாக ஒதுக்கி, கரையில் அவருக்கு இடம்விட்டாள்.