சரளை ரோட்டில் எடுத்த கை

அறுபத்து நாலாம் வருஷம், மாசி மாதம். ஐந்து மாதக் கர்ப்பிணியான என்னை, என் வீட்டுக்காரர் சிங்கவரத்திலிருந்து செஞ்சி ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனார். சரளை ரோடு. காற்று ஆளையே தள்ளியது.

“இடுப்ப கெட்டியா புட்ச்சிக்கோ” என்றார். பிடித்துக்கொண்டேன்.

எதிரே களையெடுக்கப் போகும் பெண்கள் வந்தார்கள். “இன்னாடி, பட்டப்பகல்ல புருஷன கட்டிக்கினு போற?” என்று ஒருத்தி சிரித்தாள். வெட்கத்தில் கையை எடுத்துவிட்டேன். அடுத்த காற்றில் சக்கரம் வழுக்கியது; நான் கீழே விழுந்தேன். குழந்தை தங்கவில்லை.

“நான் மெதுவா ஓட்டியிருக்கணும்” என்று அவர் சாகும்வரை தன்னையே நொந்துகொண்டார். கையை எடுத்ததை நான் சொல்லவேயில்லை.

கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் மகன் ஸ்கூட்டரில் ஏறினால், தெருவே பார்த்தாலும் அவன் இடுப்பைப் பிடித்த கையை இறங்கும்வரை எடுப்பதில்லை.