அடையாள அட்டையைப் பார்த்து அழித்த பாட்டு

மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிறவன் கடையில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். அவன் காது மட்டும் வாசலில் இருக்கும். எந்த நேரம் யார் வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போவார்களோ என்ற பயம். கும்மிடிப்பூண்டி பஜாரில் பன்னிரண்டு வருடமாக இந்தப் பயத்தோடுதான் ஷட்டரைத் தூக்குகிறேன். நீங்களும் இதே தொழில் என்றால் விளக்கமே தேவையில்லை.

வக்கீல் சொன்ன சட்டம்

பயம் தாங்காமல், காருக்குப் பாட்டு ஏற்ற வந்த பொன்னேரி வக்கீல் ஒருவரிடமே கேட்டுவிட்டேன். ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டால் சட்டம் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, என்னைப் போல் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிக் கொடுத்தால் குற்றம் என்றார். நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவரோ நிதானமாகப் பென்டிரைவை நீட்டினார்.

"ஃபுல்லா ஏத்திடுப்பா. கேஸ் வந்தா நானே வந்து வாதாடுறேன்."

குக்கர் விசில்

அந்தோணி அண்ணனுக்கு சிப்காட்டில் இரும்புக் கம்பெனியில் வேலை. அவர் மனைவி போன வருடம் காலமானார். சமையல் செய்துகொண்டே அந்த அம்மா பாடியதை அண்ணன் எப்போதோ தன் போனில் பிடித்து வைத்திருந்தார். ஒரே ஒரு பாட்டு. ஆரம்பத்தில் குக்கர் விசில் அடிக்கும், அப்புறம் குரல் வரும். அந்த போன் உயிரை விடும் நேரத்தில் கொண்டுவந்தார். பாட்டை மட்டும் எப்படியோ கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். புது கார்டில் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

"என் கையில இருந்தா தொலைச்சிடுவேன் தம்பி. உங்கிட்டயே கெடக்கட்டும். வருசப் பூசைக்கு வந்து வாங்கிக்கினு போறேன்."

கழுத்தில் அட்டை

சர்ச்சில் அந்த அம்மாவுக்கு வைக்கும் வருசப் பூசைக்கு ஒரு வாரம் இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைலோடு ஒரு பெண் கடைக்குள் வந்து, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பாட்டு ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார். ரெய்டுதான் என்று முடிவு செய்துவிட்டேன். உட்காருங்கள் மேடம் என்று சொல்லி டீ வரவழைத்துவிட்டு, அவர் குடித்து முடிப்பதற்குள் பாட்டு மொத்தத்தையும் அழித்தேன். அழிந்ததை மீட்டுக் கொடுப்பதும் என் தொழில்தான். அதனால் மீட்க முடியாதபடி அழிக்கவும் தெரியும்.

வந்தவர் போலீஸ் இல்லை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். மெமரி கார்டு விலையிலேயே கொஞ்சம் எடுத்துப் பாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஜனங்கள் பயமில்லாமல் பிரதி எடுக்க விடலாமா என்று அரசாங்கத்துக்கு எழுதப் போகிறாராம். அதற்கு என் கடைப் பாட்டுப் பட்டியல் வேண்டுமாம். காலிக் கம்ப்யூட்டரைக் காட்டினேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"ஆராய்ச்சிக்கு சர்க்கார் குடுத்த பணம் இந்த மாசத்தோட முடியுது சார். உங்க லிஸ்ட்டை நம்பித்தான் வந்தேன்."

ஷேர் ஆட்டோ

அவர் படி இறங்கியபோதுதான் அந்தோணி அண்ணன் ஞாபகம் வந்தது. அவர் பாட்டும் அதோடு போய்விட்டிருந்தது. அடுத்த நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினாலே அண்ணன்தானோ என்று எட்டிப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் என் சோம்பேறித்தனம் கைகொடுத்தது. நம் தொழிலில் யார் ஒவ்வொரு பாட்டாகப் பொறுக்கி ஏற்றுகிறார்கள்? மொத்தமாக இழுத்துப் போடுவோம். ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றும் முனுசாமிக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன்; அண்ணன் பாட்டும் அதோடு போயிருக்க வேண்டும். ஸ்டாண்டுக்கு ஓடி, அவர் பென்டிரைவை முதலிலிருந்து தேடினேன். இரண்டு அம்மன் பாட்டுக்கு நடுவில் குக்கர் விசில் அடித்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இதை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று முனுசாமியைக் கேட்டேன்.

"யாரு பாடறதுன்னு தெர்ல நைனா. ஆனா அந்தம்மா பாடறப்ப, வண்டியில ஒருத்தரும் மாத்துன்னு சொன்னதில்ல."

வருசப் பூசை

அந்தோணி அண்ணன் வந்தார். இரண்டு கார்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு கார்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த ஆட்டோல இருக்கறத அழிக்கச் சொல்லிடாத தம்பி."

ஆராய்ச்சி மேடத்தின் நம்பர் மேசையில்தான் இருக்கிறது; முனுசாமியின் பென்டிரைவை வைத்துப் பட்டியல் தரலாம், ஆனால் கூப்பிட இன்னும் தைரியம் வரவில்லை. எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்டால் இதையும்தானே சொல்ல வேண்டும்: அந்தோணி அண்ணனைக் கேட்காமல் அவர் மனைவியின் பாட்டை இன்னொருவருக்குக் காசுக்கு ஏற்றிக் கொடுத்ததுதான் நான் செய்த குற்றங்களிலேயே பெரியது, நான் தப்பித்ததும் அதனால்தான்.