எங்கள் ஜீப்பைக் குளிரவைத்த கதை

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ரேடியேட்டரைத் தவிர வேறு பேச்சில்லை. குழம்பில் உப்பு இல்லையென்றாலும் யாரும் சொல்லமாட்டார்கள். என் வீட்டுக்காரர் சோற்றில் விரலால் கோடு போட்டு, இது இஞ்சின், இது ஃபேன் என்பார். மகள் ஒரு அப்பளத்தை எடுத்து அந்தக் கோட்டுக்கு முன்னால் நட்டுவைத்து, இதுதான் ரேடியேட்டர், இப்போ சொல்லுங்க, இடம் எங்கே இருக்கு என்பாள். நான் அப்பளம் நமுத்துப்போகுமே என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாம்பேயில், செம்பூரில் எங்கள் கட்டடத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு பழைய ஜீப் நிற்கிறது. கான்வாஸ் கூரை, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. சேறு, மணல், ஓடை எதுவானாலும் இறங்கி ஏறும். பிறகு இஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடினோம். பூனை ஒன்று அதற்குள் குட்டி போட்டது. மாடி வீட்டு மராத்திக்கார அம்மா படியேறும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் இரண்டு நகரமாட்டேன் என்கிறது, ஒன்று இந்த வண்டி, இன்னொன்று உன் மகள் என்பார். மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதைச் சொல்ல அவருக்கு அப்படி ஒரு வழி. எனக்குக் கோபம் வந்ததில்லை. இவ்வளவு நேர்த்தியாகக் குத்த எத்தனை பேருக்குத் தெரியும்?

நெருளில் ஒருவர் பழைய ஜீப்புகளை வாங்கி, பெயிண்ட் அடித்துத் தன் பண்ணைவீட்டு வாசலில் அழகுக்கு நிறுத்துகிறவர். அவர் எங்கள் வண்டியைக் கேட்டு விடாமல் ஃபோன் செய்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்த அன்றைக்குத்தான் மகள் வாய் திறந்தாள். ஐரோலியில் ஆபீஸ் வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர். சனி ஞாயிறு மட்டும் தார்ப்பாயைத் தூக்கிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பாள். எல்லாம் ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கற்றது.

"அப்பா, குடுத்துராதீங்க. நான் வேற இஞ்சின் போடுதேன். எனக்கு வேணும் இந்த வண்டி."

அவர் ஒரு கண்டிஷன் போட்டார். ஆயுத பூஜை அன்றைக்கு நாங்கள் மூவரும் வண்டியில் ஏற வேண்டும். கோபோலி தாண்டி வருகிற மலையேற்றத்தில், ரேடியேட்டர் கொதிக்காமல் உச்சிவரை போக வேண்டும். போனால் வண்டி அவளுடையது. கொதித்தால் நெருள்காரருக்கு.

என்னிடம் தனியாகச் சொன்னார்: "நாளைக்கு இவ காட்டுக்குள்ள தனியா போவா. அங்க வண்டி கொதிச்சு நின்னா யாரு இருக்கா? எனக்கு அதுதான்ளா பயம்." லாரியில் அப்படி எத்தனையோ மலைப்பாதைகளில் நின்று, ஆவி பறக்கிற மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தவர். அவர் இடது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது மகளுக்குத் தெரியாது. அவளுக்கு அது வெறும் கண்டிஷன்.

குர்லாவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற இடத்தில் ஒரு டீசல் இஞ்சின் கிடைத்தது. பெரிய வண்டியிலிருந்து இறக்கியது. ஆர்.டி.ஓ. காகித வேலை முடிந்து, அதை ஜீப்புக்குள் இறக்கிய பிறகுதான் வம்பு ஆரம்பித்தது. பழைய இஞ்சினைக் குளிரவைக்கப் போதுமாக இருந்த ரேடியேட்டர் இதற்குப் போதாது. நாலு பேருக்கு ஆக்குகிற சட்டியில் கல்யாண வீட்டுக்கு ஆக்க முடியுமா, அதுபோல. அது மட்டுமில்லை, இந்த இஞ்சின் நீளம். அதன் மூக்கில் இருக்கிற ஃபேன் ரேடியேட்டரை முட்டுகிற மாதிரி வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் கட்சி இது: பழைய செம்பு ரேடியேட்டரையே பிரித்து, உள்ளே இன்னொரு வரிசைக் குழாய் வைத்துத் தடிமனாக்க வேண்டும். ஃபேன் இஞ்சினோடு பெல்ட்டில் ஓடுகிறதே இருக்கட்டும். இஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும், யாரையும் கேட்காது. இடம் பற்றவில்லையென்றால் இரும்புச் சட்டத்தை வெட்டி ரேடியேட்டரை முன்னால் தள்ளிக்கொள்ளலாம்.

மகள் கட்சி வேறு. புதிய அலுமினிய ரேடியேட்டர், அகலமாக. அதன் முதுகில் இரண்டு மின்சார ஃபேன், காற்று பக்கத்தில் ஒழுகாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு தகட்டுக் கூடு. சூடு ஏறினால் தானாகச் சுழலும், இறங்கினால் நிற்கும். ஓடையில் இறங்கும்போது பெல்ட் ஃபேன் தண்ணீரை வாரி இஞ்சின் முழுக்க அடிக்கும், சிறகு வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். மின்சார ஃபேன் என்றால் ஒரு ஸ்விட்சைத் தட்டி நிறுத்திவிட்டு இறங்கலாம்.

"ஒரு வயரை நம்பி இஞ்சினை விடச் சொல்லுதியா? ஃபியூஸ் போச்சுன்னா?"

"பெல்ட் அறுந்தா மட்டும் என்னவாம்? டென்ஷன் எடுக்காதீங்கப்பா, எக்ஸ்ட்ரா ஃபியூஸ் வச்சிருக்கேன்."

"டென்ஷனை நான் எடுக்கலட்டி. நீதான் கொண்டாந்து குடுக்க."

இரண்டு பேரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். அவர் நான் சமைக்கும்போது வந்து நின்று தன் நியாயத்தைச் சொல்வார். அவள் துணி மடிக்கும்போது வந்து சொல்வாள். இருவருடையதும் சரியாகத்தான் இருந்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டேன்.

கடைசியில் மூன்று பேருமாகத் தாராவிக்குப் போனோம். நான் பிறந்து வளர்ந்த சந்துக்கு அடுத்த சந்தில் ரேடியேட்டர் வேலை செய்கிற ஒருவர் இருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வேதக்காரர். கடைக்கு மேலே மாதா படமும் கீழே ஓட்டை ரேடியேட்டர்களும். அவர் சுற்றிச் சுற்றி அளந்து பார்த்தார். அப்பா ஒரு காதில், மகள் ஒரு காதில். இரண்டுமே செய்யலாம், நல்லா ஓடும் என்றார். எது நல்லது என்று என் வீட்டுக்காரர் விடாமல் கேட்டார்.

"அண்ணாச்சி, நான் ஓட்டையத்தான் பத்த வைப்பேன். வீட்டுச் சண்டைய இல்ல," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "என்ன மைனி, டீ சொல்லட்டா?"

அந்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டப்போவது அவள், அவள் சொல்கிறபடியே செய்யுங்கள் என்றார். தோற்றவர் குரலில் இல்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறவர் சொல்வதுபோல இருந்தது. மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் பயம்தான் வந்தது. அதுவரைக்கும் சண்டை போட அப்பா இருந்தார். இனிமேல் தப்பானால் அது அவள் தப்பு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் மாட்டுங்காவுக்குப் போய்ப் பூ வாங்கிவந்தார். வாழைக்கன்று, மாவிலை, எலுமிச்சை எல்லாம் வந்தன. அவற்றோடு ஒரு கேந்திப்பூ மாலை. அப்படி ஒரு மாலையைக் கோயில் தேரில்தான் பார்த்திருக்கிறேன். என் கை தடிமன் இருந்தது. காலையில் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அந்த மாலையை இரண்டாக மடித்து, ஜீப்பின் முகத்தில் அவரே கட்டினார். ஹைவே காற்றில் நழுவக்கூடாது என்று உள்ளுக்குள் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினார். கட்டிவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்று பார்த்தார். மறுபடி வந்து ஒரு பூவைத் திருப்பிவைத்தார். மகள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் பார்த்தபடி நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். மாடி வீட்டு அம்மா ஜன்னலில் நின்று, ஒன்று நகர்ந்துவிட்டது என்று கத்தினார்.

வாஷி, பன்வேல் வரைக்கும் வண்டி பூப்போல ஓடியது. அவர் முன்சீட்டில், நான் பின்னால். அவர் சாலையைப் பார்க்கவே இல்லை. சூடு காட்டுகிற மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் நின்றது முள். கோபோலி தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. முன்னால் ஒரு பாரவண்டி முக்கிக்கொண்டு ஏற, நாங்கள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினோம். முள் நடுவை விட்டது. இரண்டு ஃபேனும் சுழல்கிற சத்தம் பின்சீட்டுக்குக் கேட்டது. வளைவுக்கு வளைவு முள் மேலே போனது. சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போது மகள் வண்டியை ஓரம் கட்டி, இஞ்சினை நிறுத்தினாள். இரண்டு கையும் ஸ்டீயரிங் மேலேயே இருந்தன.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் சொன்னேன் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை வந்துவிடக்கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டேன். அவர் இறங்கிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றார். நானும் இறங்கினேன். நிறுத்தின பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. காற்று உள்ளே இழுக்கிறதா என்று அவர் மாலைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். பிறகு மாலைக்கும் வண்டி முகத்துக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. மாலை முழுக்க உள்ளுக்கு இழுபட்டு, ரேடியேட்டருக்குக் காற்று போகிற முன்பக்கச் சந்துகளை மெத்தைபோல அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு பொட்டுக் காற்று போக வழியில்லை. லாரிக்கு முகம் பெரியது, மாலை எங்கே தொங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தில் அவர் கட்டிய மாலை. இந்தச் சின்ன வண்டிக்கு மூச்சுவிட இருப்பதே அந்த நாலு விரல் சந்துகள்தான்.

அவர் பேசாமல் இருந்திருந்தால் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். எனக்கே அது தெரிந்தது. அவர் சுற்றிவந்து மகள் பக்கத்துக் கதவில் கை வைத்தார்.

"ஏட்டி, உன் ரேடியேட்டர் மேல தப்பில்ல. நான்தான் அதோட மூக்கப் பொத்திட்டேன்."

அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள். "தெரியும்ப்பா. காலையிலயே தெரியும்."

"தெரியுமா? பொறவு ஏன் சொல்லல?"

"அவ்வளவு ஆசையா கட்டுனீங்க. எப்படி கழட்டச் சொல்லுவேன்? மேனேஜ் பண்ணிரலாம்னு நெனச்சேன்."

"வண்டி உன் கையவிட்டுப் போயிருக்குமேட்டி."

அவள் ம் என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்தாள்.

பூஜை போட்ட மாலையை அன்றைக்கே கழற்றக்கூடாது என்பது லாரிக்காரர்கள் வழக்கம். காய்ந்து தானாக விழுகிறவரைக்கும் விட்டுவிடுவார்கள். அவர் இத்தனை வருஷத்தில் அதை மீறிப் பார்த்ததில்லை. டூல் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினார். கழற்றிய மாலையைத் தரையில் போட மனசில்லாமல், சாலையோரத்தில் மஞ்சள் பூசி வைத்திருந்த ஒரு சாமிக்கல்லுக்குக் கொண்டுபோய்ச் சார்த்திவிட்டு வந்தார். கல்லே தெரியவில்லை. இவ்வளவு பெரிய மாலையை அந்தச் சாமி அதற்குமுன் பார்த்திருக்காது.

ரேடியேட்டர் மூடிப் பக்கம் அவர் போனபோது மகள் குறுக்கே வந்து நின்றாள். சூடு அடங்கட்டும், தொடக்கூடாது என்றாள். அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் நான் கொண்டுபோயிருந்த புளிச்சோற்றை ரோட்டோரத்திலேயே பிரித்தோம். சாப்பிடும்போது அவள் கண்டிஷனைக் கிளப்பினாள். கொதித்தது கொதித்ததுதான், வாக்கு வாக்குதான் என்றாள். அப்பனுக்குப் பிறந்த பிடிவாதம்.

"கொதிக்கலட்டி. சூடுதான் ஆச்சு," என்றார் அவர். "கொதிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." இடது கையை நீட்டி, அந்தத் தழும்பை அவளுக்குக் காட்டினார். இது எப்போது பட்டது, எந்த மலையில் என்று முதல் தடவையாக அவளுக்குச் சொன்னார். அவள் புளிச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

மறுபடி கிளம்பினோம். மாலை இல்லாத வண்டி மொட்டை அடித்த பிள்ளைபோல இருந்தது. அதே மாதிரி ஒரு பாரவண்டிக்குப் பின்னால் மாட்டினோம். முள் நடுவுக்கு மேலே கொஞ்சம் போனது. இரண்டு ஃபேனும் சுழன்றன. முள் திரும்ப நடுவுக்கு வந்து நின்றது. அடுத்த வளைவிலும் அப்படியே. உச்சிக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அப்படியே.

மேலே, பள்ளத்தாக்கு தெரிகிற இடத்தில் நிறுத்தியதும் அவர் நெருள்காரருக்கு ஃபோன் போட்டார். பண்டிகை வாழ்த்துச் சொல்லிவிட்டு, தன் பாம்பே இந்தியில், வண்டி என்னுடையது இல்லை, ஓனர் பக்கத்தில் இருக்கிறார், அவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று ஃபோனை மகளிடம் நீட்டினார். அவள் வாங்கி, காதில் வைத்து, அவரையே பார்த்தாள். பிறகு, "நஹி அங்கிள், தேனேகா நஹி ஹை," என்று மெதுவாகச் சொன்னாள், கொடுக்கிறதாக இல்லை என்று.

திரும்பும்போது அவர் முன்சீட்டில் ஏறவில்லை. "நீ முன்னால உக்காருளா, காத்து நல்லா வரும்," என்று என்னை ஏற்றிவிட்டு, தான் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். இறக்கம் முழுக்க, அவர் ஓட்டிய லாரிகளைப் பற்றியும், தாராவியில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கிடைத்த மட்டமான டீயைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். முள் எங்கே நிற்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.