மணிக்கூட்டுச் சின்னம்

காத்தான்குடியில் அவருடைய பகுதியில் யார் மௌத்தானாலும் செயலியில் மரண அறிவித்தல் போடுவது உசனார்தான். ஒலிபெருக்கிக் காலத்தில் சுருக்கமாகப் பேசிய மனிதர், கைத்தொலைபேசி வந்ததும் ஆடம்பரக்காரராகிவிட்டார். பெயரின் இரு பக்கமும் பிறை வைப்பார். கீழே வாடிய பூ. அடக்கம் எத்தனை மணிக்கு என்று எழுதுவது பழைய பாணி என்று பட்டதால், முள் சரியான மணியில் நிற்கும் ஒரு குட்டி மணிக்கூட்டுச் சின்னம். பார்த்தவர்கள் மெச்சினார்கள்; செத்தவர்கள் முறைப்பாடு செய்யவில்லை.

விடியற்காலை சுபஹ் தொழுகையோடு தம்பி முனாஸ் நெஞ்சு வலித்து மௌத்தானபோதும் அழுதுகொண்டே அதே அழகோடுதான் போட்டார். அடக்கம் ஒரு மணிக்கு. ஓட்டமாவடியிலிருக்கும் தங்கச்சி நபீஸாவுக்கு மட்டும் தனியாகச் சொல்லவில்லை. உம்மாவின் வளவில் வேலி ஒன்றரை முழம் நகர்ந்ததிலிருந்து இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. ஊருக்கே அறிவிக்கிறவர் கூடப்பிறந்தவளுக்குச் சொல்லாமலா இருப்பார் என்று மற்றவர்களும் இருந்துவிட்டார்கள்.

அவள் மூன்று மணிக்கு வந்தாள். அடக்கம் முடிந்து ஆட்கள் போய், முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய பழைய தொலைபேசிக்கு வந்திருந்த அறிவித்தலில் பிறையும் இல்லை, பூவும் இல்லை; அவை நிற்கவேண்டிய இடங்களில் வெறும் கட்டங்கள். தம்பி மௌத்து என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வழமைபோல் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அடக்கம் என்று அவளாகவே முடிவு செய்தாள். காக்கா உசனார் இருக்கும் வீட்டில் நெடுநேரம் இருக்க மனமில்லாமல், முகத்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்பும் கணக்கில் பஸ் ஏறினாள்.

தொலைபேசியை அவர் முன்னால் நீட்டினாள்.

“இதில எந்தக் கட்டத்துக்குள்ள காக்கா நேரம் இரிக்கி?”

உசனார் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். அவர் வைத்த மணிக்கூடும் பூவும் ஒரே மாதிரி வெறுமையாகக் கிடந்தன. தொலைபேசியில் ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தார். அதையே அவளும் திருப்பிக் கேட்பாள் என்று தோன்றியதும் மூடிக்கொண்டார்.

“முகம் எப்படி இருந்த?” என்றாள்.

“உறங்கினாப்போல.”

அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

இப்போது உசனார் நேரத்தை எழுத்தில்தான் போடுகிறார். பிறையும் பூவும் போய்விட்டன. யார் மௌத்தானாலும், அவளுக்கு முன்பின் தெரியாதவராக இருந்தாலும், முதல் அழைப்பு ஓட்டமாவடிக்குத்தான். மணி அடித்து அடித்து ஓய்கிறது. அதன் பிறகே அவர் செயலியைத் திறக்கிறார்.