கரிவலம் பக்கத்தில் ஓர் உமிச் செங்கல் சூளை

மாடியில் ஓர் அறை கட்டும் யோசனை. நெல் உமியும் கரும்பாலைச் சாம்பலும் கலந்த செங்கல் சங்கரன்கோவில் பக்கம் அறுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடந்த பங்குனியில் கிளம்பினேன். வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். அதிலும் பாதி உண்மை உண்டு.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து ராஜபாளையம் ரோட்டில் சுமார் பத்து கிலோமீட்டர் போனால் கரிவலம்வந்தநல்லூர். ஊருக்கு வெளியே இருக்கும் சூளைக்கு ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். "செங்கல்லப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வாரீய?" என்று ஆட்டோக்காரர் என்னைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சூளையை நடத்துவது கருப்பசாமி அண்ணாச்சியும் அவர் மனைவி முத்துலட்சுமியும். சொந்த வயலைத் தோண்டித்தான் கல் அறுக்கிறார்கள். வயலில் பெரும்பகுதி பள்ளமாகிவிட்டது. மிச்சம் இருப்பது மிளகாய் போட்ட ஒரு துண்டு நிலம். அதைக் காப்பாற்றத்தான் முத்துலட்சுமி இந்தக் கலவையைப் பிடித்துக்கொண்டார். உமியும் சாம்பலும் சேர்த்தால் மண் செலவு குறையும். கல்லுக்குள் இருக்கிற உமியே எரிந்து சூடு தருவதால் விறகும் பாதி போதும். அண்ணாச்சிக்கு அரை மனசுதான். "ஒரு சூளை பாப்போம். சரியா வரலன்னா பழைய மண்ணுதான்" என்று சொல்லிவிட்டார்.

நான் போனது சூளை மூட்டிய மறுநாள். முத்துலட்சுமி ஒரு வளைகாப்புக்காகச் சங்கரன்கோவில் போயிருந்தார். மதியத்துக்கு மேல் வாசுதேவநல்லூர் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மழை விழுந்தா கல்லு வேகாது சார்" என்று, வருஷா வருஷம் செய்வது போல, கிடந்த விறகையெல்லாம் சூளையின் வாய்களுக்குள் திணித்தார்.

"உள்ளே உமி இருக்கிறதே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"உமி என்னத்த எரியப் போவுது" என்றார். விருந்தாளிக்கு அதற்கு மேல் என்ன உரிமை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். மழை நாலு தூறல் போட்டுவிட்டு வேறு ஊர் பார்க்கப் போய்விட்டது.

மாலையில் முத்துலட்சுமி வந்தார். புகையைப் பார்த்தார், விறகு கிடந்த இடத்தைப் பார்த்தார். ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்து நான் நெளிந்துகொண்டிருந்தேன். அவரோ பையை இறக்கி வைத்துவிட்டு, "டீ குடிச்சீயளா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டார். எவ்வளவு பொறுமை என்று வியந்துகொண்டே ஊர் திரும்பினேன்.

சூளை ஆறியதும் பிரிக்கும் நாளில் மறுபடி போனேன். வெளி வரிசைக் கற்கள் நல்ல சிவப்பு, தட்டினால் கணீரென்றன. உள்ளே போகப் போக எல்லாம் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துக் கிடந்தன. கடப்பாரை போட்டும் பிரியவில்லை. அண்ணாச்சி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"நாந்தான் விறகக் கூட வச்சேன்" என்றார்.

"தெரியும். பஸ்ஸுல வரும்போதே புகையப் பாத்தேன்" என்றார் முத்துலட்சுமி.

"அப்பமே விறக உருவச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீங்க எகிறுவீய, சண்ட வரும். சூளை எரியும்போது புருஷன் பொண்டாட்டி சண்ட போட்டா கல்லு வெடிச்சிரும்னு உங்க வீட்லதான சொல்லித் தந்தாவ? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து சூளை எரியுதப்போ நான் வாயத் தொறந்ததில்ல."

எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. கலவையில் ஒரு குறையும் இல்லை என்பதற்கு அந்த வெளி வரிசையே சாட்சி. அதிலிருந்து இரண்டு கல் வாங்கி வந்து வைத்திருக்கிறேன்.

போக நினைப்பவர்கள் தை முதல் பங்குனிக்குள் போங்கள். வழியில் கடை கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்வது நல்லது. எரியும் சூளைக்கு அருகில் கேட்காமல் போகாதீர்கள். உங்களுக்கு ஏதாவது தப்பாகப் பட்டால், விருந்தாளி என்று பார்க்காமல் இன்னொரு தடவை கேளுங்கள்.

அன்று கிளம்பும்போது முத்துலட்சுமியிடம், "அடுத்த சூளைக்குச் சரியாக வந்துவிடும்" என்றேன், ஆறுதலாக.

"அடுத்த சூளைக்கு ஆர்டர் கொடுத்தவுக மழைக்கு முன்னாடி கல்லு கேக்காவ. இன்னொருக்க செஞ்சு பாக்க ஏது நேரம்?" என்றவர், கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "பழைய மண்ணுதான், நாளைக்கு மிளகாய்ச் செடியப் பிடுங்குதோம் அண்ணாச்சி."